வேங்கடத்துப் பழங்குடிகளும் யோகியின் கள்ளாமையும்

தமிழகத்தின் வட எல்லையாக நம் முன்னோர் வகுத்த மலை வேங்கடம். இன்று அம்மலை ஆந்திர மாநிலத்தின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் ஐதராபாத்திலும் வாழும் தமிழன்பர்கள் ஊர் திரும்பும்போது, வழியில் ஒருநாள் தங்கி, அலிபிரியிலிருந்து படியேறித் திருமலையானைத் தொழுவதை ஒரு வழக்கமாகவே கொண்டிருக்கின்றனர். அவர்களுள் யோகம் பயில்வோரும் பலர். மலைக்காற்றும் மரநிழலும் அருவியோசையும் உள்ளத்தை ஒருமுகப்படுத்தப் பெரிதும் உதவும் என்பதை அவர்கள் அறிவர். ஆயினும், இந்த மலைக்கும் காட்டுக்கும் நமக்கு முன்னரே உரியவராய் இருந்தோர் யாவர், அவர்கள் இன்று எங்கே, எந்நிலையில் இருக்கின்றனர் என்னும் வினாவை நாம் கேட்பது அரிது. யோகநெறியில் நிற்போர் அவ்வினாவைத் தவிர்க்க இயலாது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

வேங்கடத்தைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய செய்திகள் சங்கப் பாடல்களில் உள்ளன. அகநானூற்றில் மாமூலனார் என்னும் புலவர், அம்மலைக்குரிய தலைவன் புல்லி என்பவனைப் பாடுகிறார். யானைக் கொம்பைக் கொடுத்துப் பண்டம் மாற்றிக்கொள்ளும் மலைமக்களின் தலைவன் அவன். அவனைப் புலவர் 'கள்வர் கோமான்' என்று குறிக்கிறார். இச்சொல் களவுத் தொழிலைக் குறிப்பதா, ஒரு குடியின் பெயரா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், வேங்கடம் நம் இலக்கியத்துள் விழாக்கள் மிக்க மலையாகவும், வேட்டுவ மக்களின் தலைவனுக்கு உரிய மலையாகவும் ஒருசேர நுழைகிறது என்பதை மறத்தல் ஆகாது.

வேங்கடத்திற்குக் கிழக்கே சில கல் தொலைவில் உள்ளது திருக்காளத்தி. அங்கும் இதே செய்தியைக் காண்கிறோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், உடுப்பூர் வேடர் தலைவன் நாகனின் மகன் திண்ணன் காளத்தி மலைமீது இறைவனைக் காண்கிறான். வாயில் முகந்த நீரால் திருமஞ்சனம் ஆட்டுகிறான். தான் சுவைத்துப் பார்த்த ஊனைப் படைக்கிறான். ஆகமம் கற்ற சிவகோசரியார் அதைக் கண்டு பதைக்கிறார். இறைவனோ அந்த வேடனின் அன்பே உயர்ந்தது என அவருக்குக் கனவில் உணர்த்துகிறான். ஆறாம் நாள், தன் கண்ணையே அகழ்ந்து அப்பித் திண்ணன் கண்ணப்பனாகிறான். யோக நூலார் ஏகாக்கிரம் என்று கூறும் ஒருமை நிலை, எந்த நூலும் கல்லாத வேடன் ஒருவனுக்கு ஆறே நாளில் வாய்த்தது என்பது அக்கதையின் உட்பொருள். கற்றவர் கல்லாதவரிடம் மறைந்து நின்று கற்றார் என்பதும் அதனுள் அடங்கும்.

மூன்றாவது செய்தி திருமலையின் தலபுராணத்தைச் சார்ந்தது. ஆகாசராஜன் மகள் பத்மாவதியை மணக்க விழைந்த சீனிவாசன், குறிசொல்லும் பெண்ணின் வடிவம் தாங்கி அரண்மனைக்குச் சென்றதாக அக்கதை கூறும். வடமொழி நூல் அவளைப் புளிந்தப் பெண் என்னும். தெலுங்கு மக்கள் எருகலசானி என்பர். தமிழில் நாம் குறத்தி என்போம். 'எருக' என்னும் தெலுங்குச் சொல்லுக்கு அறிவு என்பது பொருள். ஆகாசராஜனின் தலைநகராகக் கருதப்படும் நாராயணவனம் புத்தூருக்கு அருகே இன்றும் உள்ளது. ஏழுமலையானே விரும்பி ஏற்ற கோலம் எருகலப் பெண்ணின் கோலம் என்றால், அக்குடிக்கு இதனினும் மேலான பெருமை வேறென்ன வேண்டும்?

புராணம் இவ்வாறு போற்றிய மக்களை வரலாறு எவ்வாறு நடத்தியது என்பதை இனிக் காண்போம்.

1801-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. திருமலைக் கோயிலும் அதனுடன் வந்தது. அடியார்கள் இட்ட காணிக்கையில் செலவுபோக எஞ்சியது கம்பெனியின் கருவூலத்தைச் சேர்ந்தது. 1821-ஆம் ஆண்டில் புரூஸ் என்னும் அதிகாரி கோயில் நிருவாகத்துக்கு விதிகள் வகுத்தார். பிற சமயக் கோயில்களைக் கிறித்தவ அரசு நடத்துவது தகாது என்னும் எதிர்ப்பு இங்கிலாந்தில் வலுத்தமையால், 1843-இல் கம்பெனி விலகிக்கொண்டு, ஹாதிராம்ஜி மடத்து மகந்தரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. 1933-ஆம் ஆண்டு தேவஸ்தானச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அந்நிலை நீடித்தது.

கோயிலிலிருந்து கையை எடுத்த அரசு, காட்டின்மேல் அதைவிட அழுத்தமாகக் கையை வைத்தது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மலைகளையும் காடுகளையும் ஒதுக்கப்பட்ட காடுகளாக வரையறுக்க வழிசெய்தது. அதுவரை தேனெடுத்தல், கிழங்ககழ்தல், விறகு பொறுக்குதல், மூங்கில் வெட்டுதல், மூலிகை பறித்தல் ஆகியவை மலைமக்களின் நாள்வாழ்க்கையாக இருந்தன. சட்டம் பிறந்த பின்னர், அனுமதிச் சீட்டின்றி அவற்றைச் செய்தல் குற்றமாயிற்று. காட்டிலிருந்து ஒரு மரத்தையும் கடத்தாதவர், தம் பாட்டன் வெட்டிய மூங்கிலையே வெட்டியதற்காகத் திருடர் எனப்பட்டனர். செயல் மாறவில்லை, அதன் பெயர் மாறியது.

எருகலர் என்றும் கொரவர் என்றும் குறவர் என்றும் வழங்கப்படும் குடியினரின் கதை இதனினும் துயரமானது. அவர்களுள் ஒரு பிரிவினர் கடற்கரை உப்பளங்களிலிருந்து உப்பை வாங்கிக் கழுதைகள்மீதும் எருதுகள்மீதும் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து தானியம் பெற்றுத் திரும்பும் வணிகராய் இருந்தனர். உப்புக் கொரவர் என்னும் பெயரே அதற்குச் சான்று. கறிவேப்பிலை விற்றோர் ஒரு பிரிவினர். கூடை முடைந்தோர் மற்றொரு பிரிவினர். குறி சொன்ன பெண்கள் எல்லாப் பிரிவிலும் இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இருப்புப்பாதை வந்தது. உப்பு மூட்டைகள் வண்டியேறின. அரசின் உப்புக் கொள்கை சிறு வணிகரை நசுக்கியது. வனச் சட்டம் கூடைக்கு வேண்டிய மூங்கிலையும் கால்நடைக்கு வேண்டிய மேய்ச்சலையும் பறித்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் எஞ்சியதையும் கொண்டுபோயிற்று.

இவ்வாறு தொழில் இழந்து அலைந்தோரை அரசு எப்படிப் பார்த்தது? வட இந்தியாவில் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்திருந்தது. தச்சன் மகன் தச்சனாவது போல், குற்றவாளியின் மகன் குற்றவாளியாகவே பிறக்கிறான் என்பது அச்சட்டத்தைக் கொணர்ந்தோர் கூறிய வாதம். 1911-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தது. சித்தூர் மாவட்டம் உருவானதும் அதே 1911-ஆம் ஆண்டில்தான். அறிவிக்கப்பட்ட குடியினர் காவல் நிலையத்தில் பெயரைப் பதிந்து, கைரேகை கொடுத்து, குறித்த நேரத்தில் நேரில் நின்று, அடுத்த ஊருக்குச் செல்லவும் சீட்டுப் பெறவேண்டும் என்றாயிற்று. எருகலரும் அவ்வாறு அறிவிக்கப்பட்டனர். பலர் குடியேற்றங்களில் அடைக்கப்பட்டனர். அக்கால மாகாண அரசின் உயர் அதிகாரி ஒருவர் பெயரால் அமைந்த ஸ்டூவர்ட்டுபுரம், இரட்சணிய சேனையாரின் மேற்பார்வையில் இயங்கிய அத்தகைய குடியேற்றங்களுள் ஒன்று. ஏழுமலையான் எடுத்த கோலத்தை உடைய பெண், தன் கூடையுடன் அடுத்த ஊருக்குக் குறிசொல்லப் போவதற்குக் காவலரின் இசைவை நாடி நிற்கவேண்டிய காலம் அது.

அலைந்து திரிவோர்மீது அந்நிய அரசு கொண்ட ஐயம் பழங்குடிகளோடு நின்றதன்று. வங்காளத்தில் 1773-ஆம் ஆண்டிலேயே வாரன் ஹேஸ்டிங்ஸ் அலைந்து திரிந்த சந்நியாசிகளையும் பைராகிகளையும் வெளியேற்ற ஆணை பிறப்பித்தார். ஓரிடத்தில் நில்லாதவனிடம் வரி தண்ட முடியாது. அவனைக் கணக்கில் எழுத முடியாது. ஆகவே அவன் ஐயத்துக்கு உரியவன். எட்கர் தர்ஸ்டன் என்பார், கே. ரங்காச்சாரியின் துணையுடன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில், ஜோகி என்னும் தெலுங்கு இரவலர் குலம் விவரிக்கப்படுகிறது. ஜோகி என்பது யோகி என்னும் சொல்லின் திரிபே. யோகி என்னும் பெயரை இன்று உலகமெங்கும் விரும்பி ஏற்கின்றனர்; அதே பெயரைக் குலப்பெயராகச் சுமந்த ஏழை மக்களோ தெருவில் பாம்பாட்டியும் பிச்சையேற்றும் வாழ்ந்தனர். யோகம் பயில்வோர் எண்ணிப் பார்க்கவேண்டிய முரண் இது.

இந்த அநீதி நீங்குவதில் திருப்பதி மண்ணின் மைந்தர் ஒருவருக்குப் பங்குண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது. திருச்சானூரில் 1891-இல் பிறந்த மா. அனந்தசயனம் ஐயங்கார் பின்னாளில் மக்களவைத் தலைவராக விளங்கியவர். சென்னை மாகாணம் 1947-இலேயே அச்சட்டத்தை நீக்கிவிட்டது. நாடு முழுவதற்கும் ஆராய 1949-இல் அமைக்கப்பட்ட குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். சட்டத்தை அடியோடு நீக்கவேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது. 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அது நீங்கிற்று. அதுமுதல் அம்மக்கள் சீர்மரபினர் எனப்பட்டனர். ஆயினும் வழக்கக் குற்றவாளிகள் சட்டங்கள் மாநிலந்தோறும் அதன் இடத்தில் எழுந்தன. ஏட்டிலிருந்து அழிந்த சொல் காவலர் நினைவிலிருந்தும் ஊரார் நாவிலிருந்தும் அத்துணை எளிதில் அழியவில்லை.

பழி முழுவதையும் ஆங்கிலேயர்மேல் ஏற்றிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளலாமா? அது நேர்மையாகாது. கண்ணப்பனுக்குச் சிலை வைத்தோம். அவன் குலத்தாரை ஊருக்குப் புறத்தே நிறுத்தினோம். குறத்தி வேடம் பூண்ட இறைவனைப் பாடினோம்; குறவர் என்னும் சொல்லை வசைமொழியாக்கினோம். அந்நியன் வரைந்த சட்டத்துக்கு நம் வழக்கங்களே மை ஊற்றின. இதனை உணர்ந்த யோகியரும் இம்மண்ணில் வாழ்ந்தனர். 1885-இல் கேரளத்தில் பிறந்த மலையாள சுவாமிகள், திருமலையில் கோகர்ப்பம் என்னும் இடத்தில் நெடுங்காலம் தவமிருந்தார். பின்னர் 1926-இல் ஏர்ப்பேட்டில் வியாசாசிரமத்தை நிறுவினார். எக்குலத்தாரும் மகளிரும் வடமொழியும் வேதாந்தமும் கற்கலாம் என்பது அவர் கொள்கை. அதற்காகக் கடும் எதிர்ப்பையும் தாங்கினார். 1962-இல் மறையும்வரை அக்கொள்கையில் அவர் தளரவில்லை. மலையில் பெற்ற தவத்தின் பயனை மலையடிவாரத்து எளியோருக்குத் திருப்பிக் கொடுத்தார் எனலாம்.

யானாதியரைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். அநாதி, அதாவது தொடக்கமில்லாதவர், என்னும் சொல்லிலிருந்து தம் பெயர் வந்ததாகச் சிலர் கூறுவர். மூலிகையறிவிலும் மீன்பிடித்தலிலும் வயல் எலிகளைப் பிடித்தலிலும் வல்லவர்கள் இவர்கள். புலிக்கட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டைத் தீவு இவர்களின் பழைய இருப்பிடம். 1835-இல் கம்பெனி அத்தீவைக் கைக்கொண்டது. சென்னை நகரின் அடுப்புகளுக்கு அங்கிருந்து விறகு சென்றது. விடுதலைக்குப் பின் அங்கே விண்வெளித் தளம் அமைந்தது. 1971-ஆம் ஆண்டு அக்டோபரில் முதல் ஏவுகணை எழுந்தது. நாட்டின் பெருமை அது. அப்பெருமைக்காகத் தம் காட்டை விட்டுக் கரைக்குப் பெயர்ந்த யானாதியரின் பெயரோ, ஏவுகணை எழும் நாள்களில் எவர் நாவிலும் எழுவதில்லை. 2022 முதல் அத்தீவும் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததே. நெல்லூரைச் சார்ந்த வெண்ணெலகண்டி ராகவையா போன்ற தொண்டர்கள் யானாதியருக்காக உழைத்ததை நன்றியுடன் நினைத்தல் வேண்டும்.

அண்மைக் காலத்தின் துயரம் ஒன்றையும் மறைத்தல் தகாது. சேஷாசலக் காடுகளில் செம்மரம் இயற்கையாய்ச் செழிக்கிறது. கீழை நாடுகளில் அதற்குப் பெருவிலை. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் அக்காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் மாண்டனர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதனை மறுத்தன. மாண்டோர் தமிழ்நாட்டினர், அவருள் பலர் சவ்வாது மலை முதலிய மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர். மரம் வெட்டுவது குற்றமே, ஐயமில்லை. ஆயினும் அம்மரத்தால் செல்வம் குவித்தோர் எவரும் அன்று அக்காட்டில் வீழவில்லை. கூலிக்குச் சென்றோரே வீழ்ந்தனர். புல்லியின் காலம் முதல் இன்றுவரை வேங்கடக் காட்டில் கள்வர் என்னும் பெயர் ஏழையின்மீதே வந்து விழுகிறது.

இங்கேதான் யோகநெறி நம்மை நேருக்கு நேர் நோக்குகிறது. பதஞ்சலி முனிவர் யோகத்தை எட்டு உறுப்புகளாக வகுத்தார். உலகம் இன்று யோகம் என்று கொண்டாடும் ஆசனம் அவற்றுள் மூன்றாவதே. முதல் உறுப்பு இயமம். கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பிறர் பொருளைச் சேர்த்துவையாமை என்னும் ஐந்தும் இயமம். நம் திருமூலரும் களவின்மையை இயமத்துள்ளேயே வைத்தார். கள்ளாமை என்பது பிறர் பையில் கையிடாதிருத்தல் மட்டுமாயின், அது காவலர் கற்பிக்கும் பாடமாகும். முனிவர் கற்பிக்க வேண்டியதில்லை. பிறருடைய காட்டை, அறிவை, பெயரை, வரலாற்றை நமதாக்கிக்கொண்டு அவர்களை மறந்திருத்தலும் களவே. குடியையே கள்வர் என்று சட்டம் எழுதியபோது, உண்மையில் களவு போனது எவருடைய பொருள் என்று கேட்பவனே கள்ளாமையில் நிற்பவன்.

ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இந்நாள்களில் ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. கூட்டங்களிலும் பள்ளிகளிலும், யோக வகுப்புகள் சிலவற்றிலுங்கூட, அந்நிலத்துக்கு முதலில் உரியோரான பழங்குடியினரின் பெயரைச் சொல்லி வணங்கிவிட்டே தொடங்குகின்றனர். வாய்ச்சொல்லோடு நின்றுவிட்டால் அது சடங்காகிவிடும் என்று அப்பழங்குடியினரே எச்சரிக்கின்றனர். அவ்வெச்சரிக்கை நமக்கும் பொருந்தும். 2015 முதல் சூன் 21-ஆம் நாளை உலக யோக நாளாகக் கொண்டாடுகிறோம். அன்று பாயை விரிக்கும் முன்பு, நாம் நிற்கும் நிலத்தின் பழங்குடி யாது எனக் கேட்டறிவது முதற்படி. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு அளித்த உரிமை கிடைத்ததா என வினவுவது அடுத்த படி. அவர்கள் திரட்டும் தேனுக்கும் மூலிகைக்கும் நேரிய விலை கொடுப்பதும், குலப்பெயரை வசையாக வழங்குவதை நம் வீட்டிலேயே நிறுத்துவதும் எவரும் இன்றே செய்யக்கூடியவை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இதில் ஒரு தனி உறவும் உண்டு. எருகலர் தம்முள் பேசும் மொழி தமிழுக்கு மிக நெருங்கியது என்பது மொழியியலார் முடிபு. அதாவது, உப்பு மூட்டையுடன் எல்லை கடந்து சென்று, தெலுங்கு நாட்டிலும் தம் வீட்டு மொழியைக் காத்து வந்த குடியினர் அவர்கள். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனோடு சென்றது. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டோடு இணைந்தது. எல்லைக்கோடு நகர்ந்தபோது மக்களின் சட்டப்பெயரும் மாறியது. ஆந்திரத்தில் எருகலர் அட்டவணைப் பழங்குடியினர். தமிழ்நாட்டில் குறவர் பிரிவுகள் பல சீர்மரபினர் பட்டியலில் உள்ளன. வேற்றூரில் வாடகைக்கு வீடு தேடும்போது வெளியூரான் என்னும் ஐயப்பார்வை எத்தகையது என்பதைப் புலம்பெயர்ந்த தமிழர் ஓரளவேனும் அறிவர். அப்பார்வையையே சட்டமாக எழுதி, ஒரு குடியின் மழலைகள்மீதும் சுமத்தினால் எப்படியிருக்கும் என்பதை அவர்களால் உணர முடியும்.

அன்பர்கள் அடுத்தமுறை திருப்பதிக்குச் செல்லும்போது திருமலையோடு நின்றுவிடாமல் திருக்காளத்திக்கும் செல்லுங்கள். அங்கே மலைமீதுள்ள கண்ணப்பர் சந்நிதியைக் கண்டு வாருங்கள். இறங்கி வரும் வழியில் கூடை முடைவோரையும் மூலிகை விற்போரையும் காண நேர்ந்தால், விலை பேசும் முன்பு அவர்தம் ஊரையும் நலத்தையும் கேளுங்கள்.